முகூர்த்தத்தன்று விளம்பிய சொதி

அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தியேட்டரில் என் வலது பக்க நாற்காலியில் என் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். ஏழு வருடமாக அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

நான் கல்யாண வீடுகளில் விளம்புகிறவன். பந்தியில் வாளியும் கரண்டியுமாகப் போய்ச் சோறும் குழம்பும் இலையில் வைப்பதை எங்கள் பக்கம் விளம்புவது என்றுதான் சொல்வோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வீடு சேரன்மகாதேவியில். திருநெல்வேலியைச் சுற்றி எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும் எங்கள் சமையல்கார அண்ணாச்சி கூப்பிட்டால் போய்விடுவேன். எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வராது. இது குனிந்து செய்கிற வேலை. அதனால் என் கூச்சத்துக்குத் தோதாக இருந்தது.

அந்தப் படத்தின் முதல் பாகம் வந்து பதினோரு வருடம் இருக்கும். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நான்கு பெண்களைப் பெற்றவர் ஒரே வருடத்தில் நான்கு கல்யாணம் நடத்துகிற கதை. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஏதாவது ஒன்று கோணிக்கொள்ளும். ஒரு கல்யாணத்தில் மழை பெய்து பந்தல் துணி தண்ணீரைக் கட்டிக்கொண்டு வயிறு மாதிரித் தொங்கும். பெண்ணின் அப்பா அதைக் கழியால் குத்துவார். தண்ணீர் அத்தனையும் சம்பந்தியின் தலையில் கொட்டும். சம்பந்தி கோபப்படமாட்டார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "குளிச்சிட்டுத்தான் வந்தேன், இருந்தாலும் பரவால்ல" என்பார். தியேட்டரே உருண்டு சிரித்தது. அந்தப் படத்தில் கெட்டவர் என்று யாரும் இல்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கோபம் வரும், கொஞ்சம் கூச்சம் வரும், நிறையப் பசிக்கும். அவ்வளவுதான்.

அதில் விளம்புகிறவர் ஒருவர் வருவார். வசனம் கிடையாது. நான்கு கல்யாணத்திலும் அவரேதான். கடைசிக் கல்யாணத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பெண்ணின் அப்பா சாப்பிடாமல் தூண் ஓரமாக நிற்பதை அவர் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைப்பார். உப்பில் தொடங்கினார் என்பதே எங்கள் ஆட்களுக்குப் போதுமாக இருந்தது. "ஏலே, விவரம் தெரிஞ்சவன் எடுத்திருக்கான்" என்று அண்ணாச்சி சொன்னார். "ஒன்னத்தான்லே படம் புடிச்சிருக்கான், நீயும் இப்படித்தான வாய் செத்துப் போயி நிக்க" என்று என்னைக் கேலி செய்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. டிவியில் எப்போது போட்டாலும் என் வீட்டில் வேறு எதுவும் ஓடாது. மச்சினனும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அவன் ஆழ்வார்திருநகரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பந்தல் தண்ணீர் வசனத்தைச் சொல்லிக்கொண்டேதான் வாசலில் செருப்பைக் கழற்றுவான்.

பிறகு நாங்கள் பகையானோம். அது அவன் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்று.

அவனுக்கு உரக்கடை. நன்றாக நடக்கிறது. வீட்டைப் பெரிதாகக் கட்டி ஊரையே அழைத்திருந்தான். அவன் வைத்திருந்த சமையல் ஆட்களில் விளம்ப வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. முதல் பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, எழுபது எண்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் ஆகியும் சோறு வரவில்லை. வெற்று இலையைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதை என் கண்ணால் பார்க்க முடியாது. நல்ல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாளியை எடுத்தேன்.

மச்சினன் ஓடி வந்தான்.

"அத்தான், வாளியக் கீழ வைங்க. நீங்க இந்த வீட்டு மாப்பிள்ள. கூலிக்கு வந்த ஆளுன்னுல்லா ஊர்ல நெனைப்பாவ."

அவன் மரியாதைக்காகத்தான் சொன்னான். ஆனால் நான் கூலிக்குப் போகிறவன்தானே. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பதில் சொல்லாமல் வாளியோடு போய்விட்டேன். மூன்று பந்தி விளம்பினேன். கடைசிப் பந்தியில் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தார்கள். மச்சினன் பக்கத்தில் ஒரு இலை காலியாக இருந்தது. "உக்காருங்க" என்று யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லாமல் எனக்கு ஒரு இலையில் போய் உட்கார வராது, என் சொந்தத் தம்பி வீடாக இருந்தாலும் வராது. கை கழுவப் போகிறவன் மாதிரி வெளியே வந்தேன். அப்படியே நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

புது வீடு, முதல் நாள், வீட்டு மாப்பிள்ளை கை நனைக்காமல் போய்விட்டார் என்று பேச்சாகிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு அதைவிடக் கேவலம் வேறு இல்லை. கூலிக்காரன் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போனேன் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். இல்லை என்று நானும் சொல்லவில்லை. "என் வீட்டுச் சோறு அவருக்கு ஆகாதுன்னா, அவர் வீட்டுத் தண்ணி எனக்கும் ஆகாது" என்று மச்சினன் அக்காவிடம் சொல்லி அனுப்பினான். அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொள்வார்கள். ஆண்கள் நாங்கள் இரண்டு பேரும்தான் பேசுவதில்லை.

இப்போது என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணமேடைக்குக் கூட்டிவர வேண்டும். என் மனைவிக்கு இந்த ஒரு தம்பிதான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் இரண்டு முறை போனில் கேட்டுவிட்டார், "தாய்மாமன இன்னும் கண்ணுலயே காட்டலியே" என்று. அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று கல்யாண வீடுகளில் வேலை செய்கிற எனக்குத் தெரியாதா. மச்சினனோ, "அத்தான் வாயத் தொறந்து ஒரு வார்த்த கூப்பிடட்டும், வாரேன்" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வரவில்லை. இரண்டு முறை ஆழ்வார்திருநகரி வரை போய், அவன் கடையை எதிர்ச் சாரியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"நீங்க இப்படியே இருங்க. மாலையப் புடிச்சுக்கிட்டு மக தனியா நிக்கட்டும்" என்றாள் மனைவி.

அந்தச் சமயத்தில்தான் தீபாவளிக்கு இரண்டாம் பாகம் வந்தது. மனைவியும் மச்சினன் மனைவியும் பேசி வைத்துக்கொண்டு, திருநெல்வேலியில் மதியக் காட்சிக்கு ஒரே வரிசையில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. உள்ளே போனால், ஓரத்தில் என் மகள், மனைவி, நான். அந்தப் பக்கத்திலிருந்து மச்சினன் மனைவி, மச்சினன். நடுவில் அவனும் நானும் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. கை வைக்கிற கட்டை ஒன்றுதான். இரண்டு பேருமே அதில் கை வைக்கவில்லை.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. முதல் படத்தில் வந்த மாதிரிப் பந்தல் தண்ணீர் கொட்டினால் யாரால் சிரிக்காமல் இருக்க முடியும்? இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாக நான் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

படம் தொடங்கியது. அதே வீடு, ஆனால் மிட்டாய்க் கடை மாதிரிச் சாயம் பூசியிருந்தார்கள். அதே நடிகர்கள், முகத்தில் மட்டும் மாவு அப்பியிருந்தது. பேத்திகளுக்குக் கல்யாணம். பந்தல் தண்ணீர் மறுபடியும் கொட்டியது. இந்த முறை மழை இல்லை. மோட்டார் வைத்துக் கொட்டினார்கள். சம்பந்தி அதே வசனத்தைச் சொல்லிவிட்டு, நாம் சிரித்து முடிப்பதற்காகக் காத்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு பெண்ணின் சித்தி குளித்துவிட்டு வருவதைப் பற்றி ஒரு வசனம் வந்தது. என் மகள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் காது கூசியது. ஆளுக்கு ஆள் கன்னத்தில் அறைந்துகொண்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மேளச் சத்தம். புதுச் சட்டையில் ஒருவன் வாந்தி எடுத்தான், அதுவும் சிரிப்புக்குத்தான். அப்போதுதான் எனக்கும் குமட்டியது.

அதற்குப் பிறகு கல்யாணப் பந்தியைக் காட்டினார்கள். தாலி கட்டிய கையோடு முதல் பந்தி. ஒருவர் வாளியைக் கொண்டுவந்து, "எங்க ஊரு சொதி" என்று சொல்லிச் சோற்றில் ஊற்றினார். சிவப்பாக இருந்தது.

சொதி என்பது தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்பு. வெள்ளையாகத்தான் இருக்கும். பக்கத்தில் இஞ்சித் துவையல் இருக்கும். அதை எங்கள் ஊரில் மறுவீட்டு விருந்துக்குத்தான் வைப்பார்கள். முகூர்த்தத்தன்று சாம்பார்தான். முகூர்த்தத்தன்று சொதி வைத்தால் கல்யாணம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்று சொன்ன மாதிரி.

என் வலது பக்கத்தில் மச்சினன் நெளிந்தான். ஒரு முறை உச்சுக் கொட்டினான். பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

"முகூர்த்தத்தன்னைக்கே சொதி விளம்புதானுவ" என்றான். திரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"செவப்பா வேற இருக்கு" என்றேன் நானும் திரையைப் பார்த்து.

"வத்தல் அரைச்சு ஊத்திட்டான் போல."

"பால் திரிஞ்சும் கெடக்கு."

ஏழு வருடத்தில் எங்களுக்குள் இதுதான் முதல் பேச்சு. மனைவி என் முழங்கையை இடித்தாள். இப்போதே கூப்பிடு என்று அர்த்தம். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் திரையில் அந்த விளம்புகிறவர் வந்துவிட்டார். முதல் படத்தில் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாரே, அவர்தான். இப்போது வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, அழுக்குப் பனியனோடு வந்தார். சாம்பார் வாளிக்கு மேல் குனிந்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழுந்தது. கிட்டத்தில் வைத்துக் காட்டினார்கள், டொப் டொப் என்று சத்தத்தோடு. சாப்பிடுகிறவர், "உப்பு கரெக்டா இருக்கு" என்றார்.

தியேட்டர் சிரித்தது. மச்சினனும் சிரித்தான்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளியே சோளப்பொரி விற்கிற இடத்தில் பழைய எண்ணெய் வாடை அடித்தது. சுவர் ஓரமாக நின்றேன். என் உள்ளங்கையைப் பார்த்தேன். முப்பது வருடமாக எத்தனை பேர் இந்தக் கையிலிருந்து விழுந்ததைச் சாப்பிட்டிருப்பார்கள். இனி ஒரு பந்தியில் நான் குனிந்தால், இலைக்கு முன்னால் இருக்கிறவன் சோற்றைப் பார்ப்பானா, என் நெற்றியைப் பார்ப்பானா? எடுத்தவன் மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. சிரித்தவர்கள் மேலும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மச்சினன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்னத்தான், எழும்பி வந்துட்டிய?"

"ஒண்ணுமில்ல."

"தலவலியா?"

நான் இன்னொரு முறை "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லப் போனேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"விளம்புதவன் வேர்வ சாம்பார்ல விழாது மாப்ள. அதுக்குத்தான் தோள்ல ஒரு துண்டு, இடுப்புல ஒரு துண்டு. வேர்த்தா வாளிய வச்சிட்டுப் பொறவால போயித் தொடச்சிட்டு வருவோம். புதுசா வாரவனுக்கு அண்ணாச்சி மொதல்ல சொல்லிக் குடுக்கதே அதத்தான். கரண்டி புடிக்கதுகூட அதுக்குப் பொறவுதான்."

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் சிரிச்சேன்லா" என்றான்.

"சிரிச்ச."

"எல்லாவனும் சிரிச்சானுவ. கூட எனக்கும் சிரிப்பு வந்துட்டு."

அவன் உள்ளே போகவில்லை. தூணில் ஒட்டியிருந்த அந்தப் படத்தின் போஸ்டரை நகத்தால் கீறிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கும் இப்படித்தான சொல்லாமப் போனிய. என்ன கோவம்னு நாலு வார்த்த ஏசிட்டுப் போயிருக்கலாம்லா. நானும் வாங்கிக் கெட்டியிருப்பேன்."

"கோவம் இல்ல மாப்ள."

"பொறவு?"

"கடேசிப் பந்தியில உக்காருங்கன்னு ஒருத்தரும் சொல்லல. நானா எப்படிப் போயி உக்கார?"

அவன் நகத்தை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"கூச்சப்பட்டுக்கிட்டா போனிய?"

"ஆமா."

"ஏழு வருசம் அத்தான்."

"ஆமா."

"த்தூ" என்றான். துப்பவில்லை, சொன்னான். யாரைச் சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவனே சொன்னான். "பக்கத்துல எல காலியாக் கெடந்தத நான் பாத்தேன். ஒங்களுக்குத்தான் போடச் சொன்னேன். வாளிய வைங்கன்னதுக்கு வைக்கலியே, அந்த வீம்புல கூப்பிடாம இருந்தேன். தானா வந்து உக்காரட்டும்னு."

மறுபடியும் அந்த அருவருப்பு வந்தது. இந்த முறை படத்தால் இல்லை. ஒருவன் கூப்பிடட்டும் என்று நான் நின்றிருக்கிறேன், தானாக வரட்டும் என்று அவன் உட்கார்ந்திருக்கிறான். இதற்காக என் மனைவி ஏழு பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறாள். படம் எடுத்தவனை ஏசுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. ஆனாலும் படம் படுமோசம், அதில் சந்தேகம் இல்லை.

இப்போதாவது கூப்பிட்டிருக்க வேண்டும். மகள் கல்யாணம், தை மாதம், நீ வா. ஒரு வரிதான். இடைவேளை மணி அடித்துக் கூட்டம் வெளியே பாய்ந்தது. நெரிசலில் அவன் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம் போனேன்.

இரண்டாம் பாதியில் சம்பந்திகள் இரண்டு பேரும் பாயச வாளியைத் தூக்கி ஒருவர் மேல் ஒருவர் ஊற்றினார்கள். அப்பளத்தால் அடித்துக்கொண்டார்கள். இலைகளை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் வழுக்கிச் சோற்றுக் குவியலுக்குள் தலைகுப்புற விழுந்தான். தேங்காய் துருவி, பால் பிழிந்து, அடிப்பிடிக்காமல் கிண்டின கைகளை நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது, சோற்றை மிதிக்கிற சத்தம். மச்சினன் பக்கத்திலிருந்து, "வெளங்குவானா இவன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். முன் வரிசைக்காரர் திரும்பி, "அண்ணாச்சி, படம் பாக்க விடுங்க" என்றார். "பாருங்க, பாருங்க, ஒங்க வீட்டுச் சோறா அது" என்றான் மச்சினன்.

வெளியே வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினேன். மச்சினன் வண்டியை எடுத்துக்கொண்டு, "வாரேன்கா" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சேரன்மகாதேவி பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மனைவியின் போன் அடித்தது. எடுத்தவள் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு என் கையில் கொடுத்தாள். "ஒங்களத்தான் கேக்கான்."

"அத்தான், ராத்திரிபூரா தூக்கம் வரல" என்றான் மச்சினன். "அந்த நாலு பொண்ணுகளப் பெத்த அம்மாவ என்ன பண்ணி வச்சிருக்கான் பாத்தியளா. மொதப் படத்துல எம்புட்டு மருவாதியான பொம்பள. இதுல கெட்ட வார்த்த பேசவிட்டு ஆட விட்டுருக்கான்." நான் ம் கொட்டினேன். "கடைக்கு வந்தவன்ட்டயெல்லாம் சொல்லிட்டேன், போவாதீங்கடேன்னு. அந்த விளம்புதவர் வேசம் கட்டுனவரு எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டாரு?"

"வயித்துப்பாடா இருக்கும்" என்றேன்.

"என்ன வயித்துப்பாடு? நீங்க ஒத்துக்கிடுவியளா? மாட்டியள்லா."

கால் மணி நேரம் ஏசினான். நானும் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். உப்பே வைக்காமல் பந்தியைத் தொடங்கியது, இலையைத் திருப்பிப் போட்டிருந்தது, எல்லாவற்றையும். போனில் என் குரல் இவ்வளவு நேரம் கேட்டு மனைவி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். மகள் அவளுக்குப் பின்னால் நின்றாள்.

பிறகு பேச்சு ஓய்ந்தது. அவன் போனை வைக்கவில்லை. உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. அவன் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"மாப்ள, பிள்ளைக்கு மாலைய நீதான் போடணும்" என்றேன்.

"வேற எவன் போடுவான்?" என்றான் உடனே. "பந்தக்கால் என்னைக்கு?"

நாளைச் சொன்னேன். கடைப் பையனிடமோ யாரிடமோ காலண்டரைக் கொண்டுவரச் சொன்னான். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. ரெண்டு நாள் முந்தியே வந்துவிடுவதாகச் சொன்னான். அதைச் சொல்லி முடித்த மூச்சிலேயே மறுபடியும் படத்தை ஏச ஆரம்பித்தான்.